பிறர்மதம் மேற்கொள்ளல்

நூலுக்குரிய மதங்கள் ஏழு என நன்னூலில் வகுத்தார் பவணந்தி முனிவர். மதம் என்பது ஈண்டுக் கொள்கையைக் குறிக்கும். பிறர் கொள்கையை முதற்கண் தானே மேற்கொண்டு, பின்னர்க் களைவது அவ்வேழனுள் ஒன்று. தாம் உடன்படாத கொள்கையை எடுத்துரைத்த நம் புலவர்கள் அதனை எவ்வளவு நேர்மையுடன் செய்தனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவள் என் மகள். சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பட்டிமன்றத்தில், 'பக்தி வளரக் கோயில் வேண்டியதில்லை' என்னும் அணி எனக்கு வாய்த்தது. வெள்ளிதோறும் கோயிலுக்குச் செல்பவனாகிய நான் அன்று பெருங் கைதட்டல் பெற்றேன். வீடு திரும்புகையில் அவள், "அப்பா, நம்பாததைப் பேசினீர்களே, அது பொய் இல்லையா?" என்றாள். என்னால் விடை கூற இயலவில்லை.

விடை தேடி முதலில் மணிமேகலையை எடுத்தேன். சாத்தனார் பௌத்தக் காப்பியம் பாடியவர். ஆயினும், வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக்கணக்கர்தம் திறம் கேட்கும் 27ஆம் காதையில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பலரும் தத்தம் கொள்கையைத் தம் வாயாலேயே உரைக்கின்றனர். அவளோ பெரும்பாலும் கேட்டு அமைகின்றாள். காட்சி ஒன்றே அளவை என்னும் பூதவாதியிடம் மட்டும், பெற்றோரைக் கருதலளவையாலன்றி எவ்வாறு அறிந்தாய் என வினவி மடக்குகின்றாள்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இம்முறையை நூலமைப்பாகவே ஆக்கினார். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலோகாயதன் முதலாகப் பதினான்கு கொள்கையினர் வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் மதம் முன்னும் மறுதலை பின்னுமாக வைக்கப்பட்டுள்ளன. முடிவு முன்பே துணியப்பட்டது என்பது மெய்யே. ஆயினும் பிறன் கூற்றும் தம் மறுப்பும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பது இந்நூலின் சிறப்பு.

சமணக் காப்பியமாகிய நீலகேசியில் இந்நிலை சற்றுத் தாழ்கின்றது. எதிர்வாதிகள் தோற்பதற்கென்றே மேடையேறுகின்றனர். நீலகேசியின் வெற்றி அளவிறந்து எளிதாகின்றது. எனினும் ஒரு விந்தை உண்டு. அது மறுக்க எழுந்த பௌத்தக் குண்டலகேசி அழிந்து, சில செய்யுட்களே எஞ்சின. அந்நூலின் வாதங்களை நாம் இன்று ஓரளவேனும் அறிவது நீலகேசியாலும் அதன் உரையாலுமே. மறுப்பவனே காவலனாயினான்! பிறர் கொள்கையை எடுத்துரைப்போன் சுமக்கும் பொறுப்பு எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, இவ்வகை எழுத்தையும் பேச்சையும் மதிப்பிட உரைகல் ஒன்றே எனத் துணிகின்றேன். அக்கொள்கைக்கு உரியவன் கேட்டால், 'ஆம், இதுவே யான் கொண்டது' எனத் தலையசைக்க வேண்டும்.

அவ்வுரைகல்லில் என் பட்டிமன்றப் பேச்சையும் உரைத்துப் பார்த்தேன். கோயில் நெரிசலையும் செருப்புத் திருட்டையும் கூறி அவையைச் சிரிக்க வைத்தேன். கல்லை வழிபடுவதைக் கடிந்து, உள்ளே உறையும் இறையைப் பாடிய சிவவாக்கியரை ஒரு சொல்லாலும் நினைத்தேனில்லை. அவர் வழி நிற்பார் ஒருவர் அவையில் இருந்திருப்பின் தலை குனிந்திருப்பார்.

மகளே, நீ கேட்டது சரியே. நான் நம்பாததைப் பேசியது பொய்யன்று. அதை நம்புவோர் எவரும் பேசாத வகையில் பேசினேனே, பொய் அங்கேதான் இருந்தது.