வெட்டியது யார்?

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் தங்கச்சி மகள் கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் குடம் வாங்கினேன். 'பேரு வெட்டணுமா சார்?' என்றான் பையன். துடிக்கிற ஊசியைக் குடத்தில் வைத்துப் புள்ளிபுள்ளியாக என் பேரை எழுதினான். கொடுத்தவன் பேர் குடத்தில் இருக்கிறது. வெட்டினவன் பேர் இல்லை.

கடைப் பலகையில் 'என்கிரேவிங்' என்றிருந்தது. அகராதிக்காரர் ஒப்பமாட்டார். உலோகத்தைச் சீவியெடுத்துக் கோட்டைப் பள்ளமாக்கினால்தான் 'என்கிரேவ்'. அமிலம் அரித்தால் 'எட்ச்'. தஞ்சாவூர்க் கலைத்தட்டைப்போல உருவம் புடைத்து நின்றால் 'எம்பாஸ்'. மரத்தையோ கல்லையோ செதுக்கி உருவம் எடுத்தால் 'கார்வ்'. எழுத்தாக இருந்தால், கருவி எதுவானாலும், 'இன்ஸ்கிரைப்'. அங்கே மோதிரத்தில் பேரை என்கிரேவ் செய்யலாம்; மோதிரத்தையே பேரால் என்கிரேவ் செய்யலாம். இரண்டும் சரி.

தமிழில் அது நடக்காது. 'கல்லில் வெட்டினான்' என்றால் எழுத்து. 'கல்லை வெட்டினான்' என்றால் குவாரி வேலை. ஓர் உருபு மாறினால் புலமை போய் உடலுழைப்பு வந்துவிடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன்? 'உடல்மீது அதிகாரம் பொறிக்கப்பட்டிருக்கிறது' என்று தொண்ணூறுகளில் நாம் எழுதித் தள்ளினோம். நானும்தான். நீட்சேயை முன்வைத்து ஃபூக்கோ 1971-இல் எழுதிய கட்டுரை வழியாக வந்த சொல்லாடல் அது. 'இன்ஸ்கிரைப்' நம்மிடம் 'பொறி' ஆனது; கூடவே 'படு' ஒட்டிக்கொண்டது. உளி பிடித்த கை காணாமல் போயிற்று.

பழியை ஆங்கிலத்தின்மேல் மட்டும் போட முடியுமா? தானங்களையெல்லாம் பெரிய கோயில் விமானத்தில் வெட்டச் சொல்லி ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அந்தச் சாசனத்தை ஹுல்ட்ஷ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பித்து, செயப்பாட்டு வினையில் மொழிபெயர்த்தார். ஆனால் மூலத்தில் இருப்பதும் 'வெட்டுக' என்ற வியங்கோள்தான். யார் வெட்டுவது என்பது அதிலும் இல்லை. பாத்திரக் கடைப் பையன் சொன்ன அதே வினை, ஆயிரம் வருஷமாக எழுவாய் இல்லாமலே ஓடுகிறது.

அதே கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பேர் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். பேர் இருப்பதாலேயே அவர்கள் சுதந்திரமானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அது கணக்கேட்டின் பேர். வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் பறைச்சேரியும் கம்மாணசேரியும் சுடுகாட்டோடு சேர்ந்து வருகின்றன. அங்கே ஆள் பேரே கிடையாது, இடம் மட்டும்தான். ஆக, கல்லில் ஏறுவதும் ஏறாததும் இரண்டுமே அதிகாரத்தின் வேலை.

எந்த ஆங்கிலச் சொல் சரி என்பது பிழைதிருத்துபவரின் கவலை. நம் கவலை எழுவாய். 'பொறிக்கப்பட்டுள்ளது' என்று எழுத வருகிற ஒவ்வொரு இடத்திலும் வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றிப் பார்ப்போம். யார், எந்த உளியால், யார் கொடுத்த கூலிக்கு? பதில் வரவில்லையென்றால் நம் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.