யாருடைய பழசு?

திருச்சியில் இருக்கும் என் தோழியின் வீட்டுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். கூடத்தின் நடுவில் ஒரு பழைய ஒற்றைக் கதவைப் படுக்கப் போட்டு, நான்கு கால் வைத்து, மேலே கண்ணாடி பொருத்தியிருந்தாள். வெள்ளைச் சாயம் அடித்து, ஓரங்களில் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மரம் தெரியும்படி செய்திருந்தாள். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். “ஏம்மா, இது கதவுல்ல?” என்றார். “ஆமாம்மா, பழைய மரக்கடையில வாங்கினேன். டீப்பாயா மாத்திட்டேன்” என்றாள் தோழி. அம்மா வேறெதுவும் சொல்லவில்லை. கண்ணாடிக்குக் கீழே, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கை பட்டுப் பட்டுப் பள்ளமாகியிருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பந்தட்டைப் பக்கம் இருந்த எங்கள் ஓட்டுவீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டியபோது, வாசக்கால், கதவு, உத்தரம் எல்லாவற்றையும் அண்ணன்கள் மர வியாபாரியிடம் மொத்தமாகப் பேசி விற்றுவிட்டார்கள். வீடு கட்டப் பணம் போதவில்லை என்று அம்மாவின் நகையைக் கேட்டார்கள்; கதவை விற்கலாமா என்று கேட்கவில்லை. அந்தக் கதவின் உட்புறம்தான் அம்மாவின் கணக்குப் புத்தகம். பால்காரருக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி, களையெடுக்கப் போன நாளுக்கு ஒரு கரிக்கோடு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி இருபத்தைந்து வருடம் எழுதிய மரம் அது. தோழி வீட்டுக் கதவு எங்கள் கதவு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும், உப்புத்தாள் போட்ட இடங்களில் யாருடைய கணக்கு அழிந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

தோழி செய்திருந்த அலங்காரத்துக்கு ‘ஷாபி சிக்’ என்று பெயர். நைந்த நேர்த்தி என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். மங்கிய வெள்ளை, சாயம் உரிந்த மரம், வெளுத்த பூப்போட்ட துணி, விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு இவையெல்லாம் அதன் அடையாளங்கள். ரேச்சல் ஆஷ்வெல் என்ற இங்கிலாந்துப் பெண் 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இதே பெயரில் ஒரு கடை திறந்தார். 1996இல் இதே பெயரில் புத்தகமும் எழுதினார். இந்தப் பாணியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் ஏறி மிதிக்கும் சோபாவுக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை போடுவதிலிருந்து தொடங்கியது அது. கறை படிந்தால் பரவாயில்லை, கீறல் விழுந்தால் பரவாயில்லை என்று சொல்லும் வீடு. வீடு பளபளவென்று இல்லாவிட்டால் பழி பெண்ணின் தலையில்தான் விழும் என்ற ஊரில், அந்தப் ‘பரவாயில்லை’ சிறிய விடுதலை இல்லை.

ஆனால் ஒரு பொருள் எப்போது வறுமையாகத் தெரிகிறது, எப்போது ரசனையாகத் தெரிகிறது? இந்தக் கேள்வியைப் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பதில் துலக்கமாகக் கிடைக்கும்.

சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன்னால் கல்சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் தாளித்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் ஒரு சொட்டு நீலமும் கலந்து சுவரில் அடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் அடிப்பார்கள். விரல் இடுக்கு வெந்து, ஒரு வாரம் சோறு பிசைய முடியாது. அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதனால்தான் அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். அந்தச் சிமென்ட் வந்த பிறகு சுண்ணாம்புச் சுவர் இல்லாதவர்களின் அடையாளம் ஆனது. 1990இல் ஆன்னி ஸ்லோன் என்ற இங்கிலாந்துப் பெண் ‘சாக் பெயிண்ட்’ என்ற பெயரில் ஒரு சாயம் கொண்டுவந்தார். ஷாபி சிக் பிரியர்களின் விருப்பச் சாயம் இன்று அதுதான். பளபளப்பே இல்லாத, மாவு பூசியது போன்ற அந்தத் தோற்றத்தைப் பார்த்தால், நம் பாட்டிகள் அடித்த சுண்ணாம்புச் சுவர் நினைவுக்கு வரும். கை வெந்தவளின் சுவர் வறுமை. டப்பாவில் விலை கொடுத்து வாங்கினால் அது ரசனை.

புடவையின் கதை இன்னும் நீளம். ஒரு நூல்புடவை எங்கள் வீட்டில் ஒருபோதும் குப்பைக்குப் போனதில்லை. வெளியே கட்ட முடியாமல் போனால் காட்டு வேலைக்கு. அதுவும் கிழிந்தால் பிள்ளைக்குத் தூளி. பிறகு மாதவிலக்குத் துணி. எஞ்சியது அடுப்பங்கரையில் கரித்துணி. ஒரு பெண்ணின் உடம்போடு சேர்ந்து நைந்த துணி அது. இன்று ‘பழைய நூல்புடவையில் மெத்தை உறை’ என்று கடைகளில் பார்க்கும்போது, அந்த மென்மை எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நைவு என்பது உழைப்பின் தடம். அந்தத் தடத்தை வைத்துக்கொண்டு உழைத்தவளை அப்புறப்படுத்தும்போதுதான் அது அலங்காரமாகிறது.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973இல் வெளியிட்ட ‘எவ்ரிடே யூஸ்’ என்ற சிறுகதை இதைத்தான் பேசுகிறது. படித்து நகரத்துக்குப் போன மூத்த மகள் டீ ஊருக்கு வருகிறாள். வெண்ணெய் கடையும் கலத்தின் மூடியை மேசை அலங்காரத்துக்குக் கேட்கிறாள். பாட்டியின் பழைய உடைத் துண்டுகளால் தைத்த போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். தங்கை மேகி அவற்றைத் தினமும் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்பது அவள் வாதம். அம்மா போர்வைகளைப் பிடுங்கி மேகியிடம் கொடுத்துவிடுகிறார். வகுப்பறையில் இந்தக் கதையைப் படிக்கும்போது டீயைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் கவனிப்பது வேறொன்றை. போர்வை தைக்கத் தெரிந்தவள் மேகி. கிழிந்தாலும் இன்னொன்று தைக்க அவளால் முடியும். பொருளைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அந்தக் கைகளை மறந்துவிடுகிறார்கள்.

இதில் சாதியும் இருக்கிறது. தேக்குத் தூணும் பித்தளை அண்டாவும் எல்லார் வீட்டுப் பாட்டியிடமும் இருந்ததில்லை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் குவிந்திருப்பவை செல்வம் சேர்த்த சாதிகளின் வீட்டுச் சாமான்கள். கூரை வேய்ந்த குடிசையில், ஆண்டுக்கொரு மழையில் கரைந்துபோகும் மண்சுவருக்குள், பேத்திக்கு விட்டுப்போக எது மிஞ்சும்? காலனியில் பிறந்த என் மாணவி ஒருத்தி வகுப்பில் சொன்னாள்: “எங்க வீட்டுல பழசுன்னு ஒண்ணுமே இல்ல மேடம், எங்க ஆயாவத் தவிர.” கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில், 3.5 லட்சம் ரூபாய் உதவியில் கட்டிய வீட்டுக்கு அவள் அம்மா கிளிப்பச்சையும் ரோஸும் பளபளக்க அடித்திருக்கிறார். ‘கண்ணைப் பறிக்கிறது’ என்று சிரிப்பவர்கள் உண்டு. பறிக்கட்டும். ஒழுகாத கூரை முதல்முறை கிடைத்தவளிடம் போய்ச் சாயம் உரிந்த சுவரின் அழகைப் பேசுவது அறியாமை. பழசு கட்டாயமாக இருந்து, அந்தக் கட்டாயம் முடிந்துபோனவர்களுக்குத்தான் பழசு அழகாகிறது.

அடுத்தது ‘குறைந்த செலவில்’ என்ற சொல். பழைய மரப்பெட்டி மலிவுதான். அதைக் கழுவி, தேய்த்து, சாயம் அடித்து, காயவைத்து, மறுபடி தேய்க்கும் நேரம் யாருடையது? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பெண்ணின் நேரத்துக்கு விலை போடாததால்தான் செலவு குறைகிறது. அதோடு, மிச்சம் பிடித்த அந்தக் காசில் அலங்காரமாவதும் விருந்தினர் பார்க்கும் கூடம்தான். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் சமையலறை வராந்தாவை அகலப்படுத்தலாம் என்று மருமகள் ஒரு யோசனை சொல்கிறாள். விளைவு, அங்கே துணி உலர்த்தும் கொடிகள் கட்டப்பட்டு, ஜன்னலில் தெரிந்த மலையும் மறைகிறது. வீட்டை அழகாக்கும் பொறுப்பு அவளுக்கு உண்டு. வீட்டை மாற்றும் அதிகாரம் இல்லை.

அந்த அதிகாரம் பத்திரத்தில் இருக்கிறது. சாண்டா மோனிகாவில் கடை திறந்த அதே 1989இல்தான் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை தரும் சட்டத்திருத்தம் வந்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தாது. குடியிருக்கும் வீட்டுக்கு வேறொரு பூட்டும் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு அந்த வீட்டில் பாகம் கேட்க முடியாது. 2005இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சட்டம் மாறியது, வழக்கம் மாறவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன்கள் விடுதலைப் பத்திரம் நீட்டினார்கள். நானும் அக்காவும் கையெழுத்துப் போட்டோம். அம்மா கைநாட்டு வைத்தார். கதவை விற்றவர்கள் அண்ணன்கள் என்று மேலே எழுதினேன். விற்கும் உரிமையை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இதையெல்லாம் சொல்வதால், வீட்டை அழகாக்க ஆசைப்படாதீர்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வாடகை வீட்டின் ஒரு மூலையைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வதுகூடப் பல பெண்களுக்குப் பெரிய வெற்றி. பழையதை எறியாமல் பயன்படுத்துவதும் நல்லதே. செய்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 90 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதிகள் இந்தியாவில் வந்ததே 2016இல்தான். பழைய கதவை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு மூச்சிலும் குழந்தையின் விரலிலும் போய்ச் சேரும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கவே கூடாது. உரியாத சாயத்தை விட்டுவிடுவதே நல்லது.

தேய்ப்பதற்கு முன்னால் வேறொன்றும் செய்யலாம். அந்தப் பெட்டி, அந்தக் கதவு, அந்தப் புடவை யார் கையில் இருந்தது என்று விசாரிக்கலாம். கொடுத்தவர் உயிரோடிருந்தால் அவரிடமே கேட்கலாம்.

நான் கேட்டேன். திருச்சியிலிருந்து திரும்பும் பேருந்தில், “நம்ம கதவ மாதிரி ஒண்ணு வாங்கி உன் ரூம்ல வைக்கட்டுமாம்மா?” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “கதவு வேணாம்மா. அடுப்பு மேடைய ஒசரமாக் கட்டிப்புட்டானுவ, எட்ட மாட்டேங்குது. அத ரெண்டு செங்கல் கொறைக்கச் சொல்லு” என்றார்.