காகத்தின் களைப்பு

புலம்பெயர் சஞ்சிகைகளில் மிகுபுனைவு என்ற பெயரில் வரும் கதைகளை வாசிக்கும்போது எனக்கொரு சங்கடம் ஏற்படுவதுண்டு. மனிதர் பறக்கிறார்கள், இறந்தவர் எழுந்து வருகிறார்கள், சுவர்கள் கரைகின்றன. ஆயினும் எதுவும் நடந்ததாக மனம் ஒப்புவதில்லை. இந்தக் குற்றச்சாட்டில் முதலாம் எதிரி நானே.

சில வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். அகதி ஒருவன் பனிக்காலக் காலையொன்றில் காகமாகி ஊருக்குப் பறக்கிறான். தன் வீட்டு முற்றத்து முருங்கையில் இறங்குகிறான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்த அக்கா ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நாங்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட ஒரு ராத்திரி போனது. உம்மட காகத்துக்கு ஒரு வசனம்தான் போயிருக்கு.”

மனிதன் காகமானதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அது பசியின்றி, களைப்பின்றி, எவருடைய துவக்குக்கும் அஞ்சாமல் பறந்ததுதான் அவரை உறுத்தியது.

1915இல் வெளியான காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையை நினைத்துப் பாருங்கள். துணி விற்பனைக்காக ஊரூராகத் திரியும் கிரகர் சம்சா பூச்சியாகக் கண்விழிக்கிறான். நம்பமுடியாதது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அன்றாடம். மணிக்கூடு ஆறரை காட்டுகிறது. ஐந்து மணி ரயில் போய்விட்டது. வேலையிடத்து மேலாளர் வீடு தேடி வருகிறார். பெற்றோர் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. புதிய உடலுக்கும் சட்டமுண்டு. சாவியைத் தாடையால் திருப்பும்போது வாய் காயப்படுகிறது. முன்பு விரும்பிக் குடித்த பால் இப்போது பிடிப்பதில்லை.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலும் இதுவே நிகழ்கிறது. கடவுள் வந்து நிற்பது, டிராமா பஸ்ஸா என்று சில்லறைக் கணக்குப் பார்க்கும் ஒருவர் முன்னால். கடவுள் காப்பி குடிக்கிறார், நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார், வைத்தியப் பத்திரிகையொன்றுக்கு ஆயுள் சந்தாதாரராகிறார். அவர் வந்ததற்காகச் சென்னை தன் வழக்கத்தைத் தளர்த்தவில்லை. ஆடத் தெரிந்த கடவுளால் அங்கே ஆடிப் பிழைக்க முடியவில்லை. அங்கதம் பலிப்பது அதனாலேயே.

ஆகவே, யதார்த்தத்தையும் கற்பனையையும் பாதிக்குப் பாதி கலக்கும் சூத்திரம் எதுவும் இல்லை. எழுத்தாளர் நடக்கவியலாத ஒன்றைக் கேட்டு வாங்கலாம். வாங்கியபின் அதற்குரிய விலையைக் கதைக்குள்ளேயே கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

போரை எழுதச் சாட்சியம் மட்டுமே போதும், மிகுபுனைவு தப்பியோடல் என்று வாதிடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காணாமற்போன மகனுக்கு இரவுதோறும் சோறு போட்டு மூடிவைக்கும் தாயின் வீட்டுக்கு அவன் ஒருநாள் வரலாம். அந்தத் தாய் அதை எந்நாளும் எதிர்பார்த்தே இருக்கிறாள். எழுதுகிறவர் மறுக்க என்ன உரிமை? ஆனால் வந்தவனுக்கு இப்போது என்ன வயது? தங்கை மணமுடித்ததை யார் சொல்வது? அவன் பெயரில் வாங்கச் சொல்லி நிர்ப்பந்தித்த மரணச் சான்றிதழை அவள் எங்கே ஒளிப்பாள்? இவற்றைக் கேளாத கதை அவளுடைய காத்திருப்பை அலங்காரமாக்கிவிடும்.

என் கதையைத் திரும்ப எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காகம் இப்போது களைக்கிறது, இரை தேடி இறங்குகிறது, கல்லெறி வாங்குகிறது. பக்கங்கள் கூடிவிட்டன. ஊர் இன்னும் வரவில்லை.