வெளுத்த தாள்

கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய பருத்தித் துணிகளை வெள்ளாவியில் அவித்து, அலசி, வெயிலில் விரித்து வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளரின் குடியிருப்பாகத் தோன்றிய வண்ணாரப்பேட்டைக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் உறவு கற்பிப்பது வலிந்த செயலாகப் படலாம். எனினும் இரண்டுக்கும் வெள்ளையே கைமுதல். எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சத்தை வெள்ளைச் சாயத்தால் இறுதியில்கூட ஏற்றிக்கொள்ளலாம். நீர்வண்ணத்திலோ, வேலம்பிசினில் குழைத்த நிறமி நீரில் கரைந்து ஒளி ஊடுருவும் மென்படலமாகத் தாளில் படிவதால், தொடாமல் விட்ட தாள்தான் வெளிச்சம். அந்தத் தாளில் உயர்ந்த வகையும் பருத்தி இழையால் ஆனதே; முற்காலத்தில் அது கந்தல் துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்யப்பட்டது.

சென்னையில் கல்லச்சுக்கூடம் நடத்திய ஜான் கான்ட்ஸும் அவர் மகன் ஜஸ்டினியனும் நீர்வண்ண மரபின் கறாரான பக்கத்தைச் சேர்ந்தவர்கள். 1830களில் மகன் தீட்டிய மதராஸ் தோட்ட வீடுகளில் தூணும் மாடமும் அளவு பிசகாமல் நிற்கின்றன. கட்டடக் கலைஞரின் கை அது, ஈரம் குறைவு. ஈரத்தைத் தேடுபவர் கே.சி.எஸ். பணிக்கரிடம் வரவேண்டும். 1911இல் கோவையில் பிறந்து, தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1957இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவிய அவரைச் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசைக்காக மட்டுமே நினைவுகூர்வது அவருடைய இளமைக்கால நீர்வண்ண நிலக்காட்சிகளுக்கு இழைக்கும் அநீதி. கேரளத்து நீர்நிலையும் தென்னையும் அவற்றில் வரைந்தவையாக அல்லாமல் நனைந்தவையாக இருக்கின்றன.

வடசென்னையில் இக்கலைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கடினமான தேர்வு. விடியற்காலைக் கடற்காற்றின் ஈரத்தில் பூச்சு எளிதில் காயாது. ஈரத்தின்மேல் ஈரமாகத் தீட்டினால் விசைப்படகின் நீலம் வானத்துக்குள் கசியும். வெயில் ஏறியபின்னரோ, இரண்டு வண்ணங்களை இணைப்பதற்குள் முதலாவது விளிம்பு கட்டிக் காய்ந்துவிடும். போதாக்குறைக்கு, வண்ண நீரை உடனே உறிஞ்சவிடாமல் தடுக்கத் தாளில் ஏற்றப்படும் ஜெலட்டின் பசை ஈரக்காற்றில் நாட்பட்டுக் கெட்டால், ஒற்றுத்தாளில் மை இறங்குவதுபோல் வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும். தேர்ந்தவர் படகின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்களின் கறுப்பை முதலில் தொடுவதில்லை. மேல்தட்டு அறையின் கூரைக்கு வேண்டிய வெள்ளையை ஒதுக்கிக்கொண்டு, அதைச் சுற்றி வானத்தையும் நீரையும் பூசி, கறுப்பைக் கடைசியில் வைக்கிறார். ஒதுக்கிய இடத்தில் ஒரு துளி தெறித்தால் அன்றைய காலை வீண்.

கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி போன்ற கூடங்களில் நீர்வண்ண ஓவியங்கள் காட்சிக்கு வரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. சில நிறமிகள் ஒளியில் வெளிறுபவை என்பதால் அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிலேயே, அதாவது அந்திக்கருக்கல் போன்ற மங்கலிலேயே, விளக்கமைக்கின்றன. காக்கும் கண்ணாடியிலோ பார்ப்பவர் முகமே முதலில் தெரிகிறது. எதிரே நின்று பார்த்து நகர்ந்துவிடுபவருக்குப் படகு மட்டும் கிடைக்கும். ஓர் அடி பக்கவாட்டில் விலகிக் குனிந்தால், தாளின் சொரசொரப்பில் தூரிகை தாவிச் சென்ற தடமும், வண்ணம் நெருங்காத அந்தக் கூரையின் விளிம்பில் அழிக்கப்படாத பென்சில் கோடும் கண்ணில் படும்.