இடைநிலை ஸ்பானிய வகுப்பு: ஒரு குணதோஷ விசாரணை

ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கலாசாலைகளில் அந்நிய பாஷை பயிலுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஸ்பானிய மொழியையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டு நவீன மொழிச் சங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் அவர்களுடைய தொகை 5,80,000-க்கு மேற்பட்டிருந்தது. பாடத்திட்டத்தில் அந்நிய பாஷை என்று பெயர் பெற்றிருக்கிறதே தவிர, நான்கு கோடிக்கு மேற்பட்டோர் அந்நாட்டிலேயே தங்கள் வீட்டில் பேசுகிற பாஷை அது. ஆஸ்பத்திரியிலும் பழத்தோட்டத்திலும் கட்டட வேலைகளிலும் நீதிமன்ற வாசலிலும் அன்றாடம் காதில் விழுவது. பட்டம் பெற இரண்டாண்டு மொழிப்பயிற்சி வேண்டும் என்ற விதி பல கலாசாலைகளில் இருப்பதனால், பொறியியல் கற்பவரும் தாதித் தொழில் கற்பவரும் வியாபாரம் கற்பவரும் ஒரே வகுப்பில் வந்து அமர்கிறார்கள். அவர்களிற் பலருக்கு இடைநிலை எனப்படும் இரண்டாம் ஆண்டே கடைசி ஆண்டாகவும் முடிந்துவிடுகிறது. ஆகையால் இந்த ஓராண்டில் எது கற்பிக்கப்படுகிறது, எது விடுபட்டுப்போகிறது என்பது சிறிய விஷயமன்று. மொழியின் இலக்கணத்தையும் அம்மொழி பேசுவோரின் வாழ்க்கையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது இவ்வகுப்பின் பெருமை என்றும், கொண்டுவந்த பின் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டது அதன் பெருங்குறை என்றும் நான் கருதுகிறேன்.

பெருமையை முதலில் சொல்வது நியாயம். முதலாண்டில் மாணாக்கன் கடைவீதியையும் குடும்பத்தையும் வானிலையையும் பற்றி நிகழ்காலத்தில் சில வாக்கியங்கள் சொல்லப் பழகுகிறான். இரண்டாம் ஆண்டில்தான் கதை சொல்லவும், ஆசைப்படவும், சந்தேகிக்கவும், மறுக்கவும் அவனுக்கு வாய் திறக்கிறது. நடந்து முடிந்த செயலுக்கு ஒரு வினைவடிவமும், அச்செயலுக்குப் பின்னணியாக நடந்துகொண்டிருந்ததற்கு வேறொரு வினைவடிவமும் ஸ்பானிய மொழியில் உண்டு. மழை பெய்துகொண்டிருந்தது என்பது ஒன்றைச் சேரும், கதவு தட்டப்பட்டது என்பது மற்றதைச் சேரும். சுப்ஹுன்தீவோ எனப்படும் வடிவமோ, சொல்லப்படும் பொருள் உறுதியானதா, விரும்பப்படுவதா, ஐயத்துக்கிடமானதா என்று பேசுகிறவனைத் தன் மனத்தையே விசாரித்துக்கொள்ளும்படி செய்கிறது. காலந்தோறும் விகுதிகளை உருப்போடும் அப்பியாசத்தை இக்காலத்தில் இகழ்ந்து பேசுவது நாகரிகமாகிவிட்டது. நான் அவ்வாறு இகழேன். விகுதி நாவில் படியாதவன் எதிரே நிற்பவனுடைய முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. அதனோடு, மொழிபெயர்ப்பு ஒன்றையே பயிற்சியாகக் கொண்ட பழைய முறையை விட்டு, மாணாக்கரை இருவர் மூவராக அமர்த்திப் பேசவைக்கும் முறை இன்று நிலைபெற்றிருப்பதும், அந்நிய பாஷைக் கல்விக்கென 1996-இல் வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறைகள் உரையாடலுக்குச் சமமான ஸ்தானத்தைப் பண்பாட்டுக்கு அளித்திருப்பதும் மெய்யான முன்னேற்றங்களே.

இனிக் குறைகளுக்கு வருவோம். ராஜதந்திரிகளுக்குப் பாஷை கற்பிக்கும் அமெரிக்க அரசாங்கப் பள்ளி, ஆங்கிலம் பேசுவோருக்கு எளிதில் கைவரும் மொழிகளில் ஒன்றாக ஸ்பானியத்தைக் கருதியும், அதில் தொழிலுக்குப் போதுமான தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வேண்டுமென்று மதிப்பிடுகிறது. வாரத்துக்கு மூன்று மணி, பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று கொண்டால், நான்கு பருவங்களிலும் கலாசாலை கொடுப்பது 180 மணியே. இந்தச் சிறிய காலத்துக்குள் இலக்கணம் முழுவதையும் அடக்கிவிட வேண்டுமென்று பாடநூல்கள் ஆத்திரப்படுகின்றன. ஒரு வினைவடிவம் மனத்தில் படியுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. இரண்டாண்டுப் பயிற்சியின் முடிவில் இருந்த மாணாக்கர்களும் வாய்ப்பேச்சில் சுப்ஹுன்தீவோவைச் சரிவரக் கையாள இயலாதிருந்ததை ஜோசப் காலன்டைன் என்னும் மொழியறிஞர் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார். அது மாணாக்கனுடைய சோம்பலால் நேர்ந்ததன்று.

இதைவிட வருந்தத்தக்கது பண்பாட்டின் நிலை. அத்தியாயத்துக்கு ஒரு நாடு. பயிற்சிகளெல்லாம் முடிந்தபின் வர்ணம் பூசிய ஒரு கட்டம். மெக்ஸிகோவுக்கு இறந்தோர் தினம், ஸ்பெயினுக்கு ஃபிளமெங்கோ, அர்ஜென்டினாவுக்கு டாங்கோ, பெருவுக்கு மாச்சு பிச்சு. இவை பொய்யல்ல, ஆயினும் அந்நாட்டு மனிதர் எவரும் இவற்றோடு நின்றுவிடுவதில்லை. பெரு நாடு 1975-இல் கெச்சுவா மொழியை ஆட்சிமொழியாக அங்கீகரித்ததும், பராகுவேயின் 1992-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் குவாரனி மொழிக்கு ஸ்பானியத்தோடு சம அந்தஸ்து அளித்ததும், ஆப்பிரிக்காவில் எக்குவட்டோரியல் கினி என்னும் நாட்டில் ஸ்பானியம் ஆட்சிமொழியாயிருப்பதும் அக்கட்டத்துக்குள் இடம் பெறுவது அரிது. முன்னிலையில் அழைக்க நண்பனுக்கு ‘தூ’ (நீ), பெரியவருக்கு ‘உஸ்தெத்’ (தாங்கள்) என்று பாடநூல் ஒரே வரியில் விதி வகுத்துவிடுகிறது. புவேனஸ் ஐரிஸ் நகரத்தில் ‘தூ’வின் இடத்தை ‘வோஸ்’ பிடித்துக்கொண்டதையும், பொகோட்டாவில் உடன்பிறந்தாரும் கணவன் மனைவியருங்கூட ஒருவரையொருவர் ‘உஸ்தெத்’ என்று அழைப்பது உண்டென்பதையும் அறியாமல் அந்நகரங்களுக்குப் போகிற மாணாக்கன், மரியாதையை விலகலென்றும் விலகலை மரியாதையென்றும் மயங்கக்கூடும். இலக்கணமும் பண்பாடும் ஒன்றே என்பதை விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

சுவரில்லாமல் கற்பிக்க முடியும் என்பதற்கும் சான்று இவ்வகுப்பிலேயே இருக்கிறது. அர்ஜென்டின எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸார் எழுதிய ‘பூங்காக்களின் தொடர்ச்சி’ என்னும் இரண்டு பக்கக் கதை இடைநிலைத் தொகுப்புகள் பலவற்றில் காணப்படுகிறது. பண்ணை முதலாளி ஒருவர் பச்சை வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து நாவல் படிக்கிறார்; நாவலுக்குள் ஒரு பெண்ணும் அவள் காதலனும் ஒரு கொலைக்குத் திட்டமிடுகிறார்கள். முன்னரே நடந்திருந்தது, நடந்து முடிந்தது, நடந்துகொண்டிருந்தது என்ற மூன்று இறந்தகாலங்களும் தொடக்கத்துச் சில வரிகளுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. அவர் நாவலில் அமிழ அமிழ, நமக்கும் அவருக்கும் இடையேயுள்ள தூரத்தை அவ்வினைகளே குறைத்துக்கொண்டு போகின்றன. கடைசியில் காதலன் கத்தியோடு மாளிகைக்குள் நுழையும்போது முற்றுவினையே மறைந்துபோகிறது. கதவு, கத்தி, ஜன்னல் வெளிச்சம், நாற்காலியின் உயர்ந்த முதுகு, நாவல் படித்துக்கொண்டிருக்கும் மனிதனுடைய தலை என்று பெயர்ச்சொற்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வினை நீங்கியவுடன் காலம் நீங்குகிறது. காலம் நீங்கியவுடன் கதைக்கும் உலகத்துக்கும் இடையேயிருந்த எல்லையும் நீங்கிவிடுகிறது. இதை உணர்ந்து படித்த மாணாக்கனுக்குக் கோடிட்ட இடங்களை நிரப்பும் ஐம்பது வினாக்கள் கற்பிக்க முடியாததொன்று வசமாகிறது. ஆயினும் நடைமுறையில் இக்கதைக்குக் கிடைப்பது ஒரு வகுப்பு நேரம். அதிலும் பாதி சொற்பொருள் சொல்வதிலேயே கழிந்துபோகிறது.

வகுப்பில் அமர்ந்திருக்கும் வேறொரு சாராரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயும் பாட்டியும் ஸ்பானியம் பேசும் வீட்டில் வளர்ந்து, எழுத்து மட்டும் அறியாமல் வருகிற பிள்ளைகள் அவர்கள். மற்றவர்கள் இரண்டாண்டில் அடைய முடியாத சரளம் அவர்களுக்குப் பிறப்போடு வாய்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சில் கலந்த ‘பார்க்கியார்’ (வண்டியை நிறுத்துதல்), ‘த்ரோக்கா’ (லாரி) போன்ற எல்லைப்புறச் சொற்கள் பிழையென்று கழிக்கப்படுவதால், அறிந்த பாஷையிலேயே அவர்கள் ஊமையாகிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் பிறந்த எழுத்தாளர் குளோரியா அன்ஸால்துவா, பள்ளி விளையாட்டு நேரத்தில் ஸ்பானியம் பேசியதற்காகத் தாம் அடிபட்டதை 1987-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் பேசாததற்காக ஒரு தலைமுறையை அடித்துவிட்டு, சுத்தமான ஸ்பானியம் பேசவில்லையென்று அடுத்த தலைமுறையைத் திருத்தப் புகுவது எவ்வளவு கொடிய முரண்பாடு! குவாதலூப்பே வால்டெஸ் போன்ற அறிஞர்கள் பல ஆண்டுகளாக வாதாடியதன் பயனாகச் சில கலாசாலைகளில் இவர்களுக்கென்று தனி வகுப்புகள் நடக்கின்றன. தனி வகுப்பில்லாத இடங்களில் நிலைமை இரங்கத்தக்கது.

சுவருக்குக் காரணம் உபாத்தியாயர்கள் அல்லர். 2007-இல் நவீன மொழிச் சங்கம் வெளியிட்ட அறிக்கை இதை வெளிப்படையாகவே கூறியது: கீழ்வகுப்புகளில் பாஷை, மேல்வகுப்புகளில் இலக்கியம் என்று துறையே இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது, பாஷை கற்பிப்பவர்களுக்கு நிலையான பதவியும் இல்லை, பாடத்திட்டத்தை வகுப்பதில் குரலும் இல்லை. இது மாறும்வரை காத்திராமல் வகுப்பளவில் செய்யக்கூடியவையும் உண்டு. பருவத்துக்கு ஆறு நாடுகளை ஓட்டிக்காட்டுவதை விட்டு இரண்டே நாடுகளோடு தங்கலாம். கொர்த்தாஸாரின் கதைக்கு ஒரு மணிக்குப் பதில் மூன்று வாரம் கொடுக்கலாம். பருவ முடிவில் விகுதி நிரப்பும் வினாத்தாளுக்குப் பதிலாக, வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த மாணாக்கரையும் புதிதாகக் கற்றவரையும் ஜோடியாக அமர்த்தி, ஒருவர் தம் குடும்பத்தார் ஊர்விட்டு வந்த கதையைச் சொல்ல, மற்றவர் அதைக் கேட்டு எழுத, எழுதியதைக் கதை சொன்னவரே திருத்த, அதற்கே மதிப்பெண் வழங்கலாம்.