பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் எத்தனால் பயமும்: கோட்டை விடும் இடம் எது?

2021 செப்டம்பரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10 ஆக மாறியது. பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது என்று அர்த்தம். அதுவரை ஐந்துதான் உச்சவரம்பு. அன்று முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எழுதுவதையும், அரசுத் தரப்பு சொல்வதையும் விடாமல் படித்து வருகிறேன். என்னிடம் அப்படிப்பட்ட கார் எதுவும் கிடையாது, ஆர்வம் மட்டும்தான். படித்தவரையில் எனக்குத் தோன்றுவது இது: கார்க்காரர்களின் பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் இருக்கிறது. அரசு சொல்லும் தைரியமும் அப்படித்தான்.

முதலில் ஒரு பழைய கதை. எத்தனாலை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விஷம் மாதிரிப் பேசுகிறார்கள். ஆனால் 'கிளீவ்லண்ட் டிஸ்கால்' என்ற பெயரில் ஆல்கஹால் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1928 முதல் 1968 வரை விற்பனையில் இருந்தது. ஜாகுவார் இ-டைப் வந்தது 1961இல். எம்ஜிபி, லோட்டஸ் எலான் இரண்டும் 1962இல். அந்தக் கார்கள் புத்தம் புதுசாக ஷோரூமில் நின்ற காலத்திலேயே பக்கத்துப் பங்கில் எத்தனால் கிடைத்தது. இதை எடுத்துக்காட்டி "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. அன்றைக்கு அந்தக் கார் தினமும் ஓடியது. டேங்கில் போட்ட பெட்ரோல் வாரத்துக்குள் தீர்ந்தது. குழாய்கள் புதிது. இன்று அதே கார் அக்டோபரில் கராஜுக்குள் போனால் ஏப்ரலில்தான் வெளியே வருகிறது. கார் சும்மா நிற்கும் இந்த ஆறு மாதம்தான் விஷயமே.

சரி, பயங்களுக்கு வருவோம். முதலிடம் தண்ணீருக்கு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கும், எஞ்சின் அதைக் குடித்துவிட்டு நின்றுபோகும் என்பார்கள். பிரிவது உண்மைதான். 15 டிகிரி செல்சியஸில் இ10 பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைத் தாங்கும், அதற்கு மேல் போனால் பிரியும். ஆனால் அந்த அரை சதவீதத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 50 லிட்டர் டேங்கில் பாதி பெட்ரோல், பாதி காற்று. 25 லிட்டர் பெட்ரோல் பிரிய வேண்டுமானால் 125 மில்லி தண்ணீர் வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால், மேலே இருக்கும் காற்று சுருங்கி விரிவதில் ஒரு நாளைக்கு உள்ளே வருவது சுமார் ஒரு லிட்டர் வெளிக்காற்று. 20 டிகிரியில் முழுக்க ஈரமான காற்றிலேயே ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் நீராவிதான். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 0.017 கிராம். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஆறு, ஏழு கிராம். நான் மூன்று மடங்கு குறைத்துப் போட்டிருக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வருஷத்துக்கு இருபது கிராம், ஒரு குளிர்காலத்துக்கு அதில் பாதி.

ஆகவே ஒரு குளிர்காலத்தில் காற்று மட்டும் டேங்கை நிரப்பிவிடாது. மூடியின் வாஷர் கெட்டுப் பெய்த மழையோ, கார் கழுவும்போது இறங்கியதோ, பல வருஷமாக அடியில் தேங்கிக் கிடந்ததோ, அந்தத் தண்ணீர்தான் ஆபத்து. பிரியாவிட்டாலும் ஈரம் கலந்த எத்தனால் எஃகு டேங்கையும், கார்புரேட்டரின் துத்தநாக, அலுமினிய வார்ப்புகளையும் மெதுவாக அரிக்கும். போதாக்குறைக்குப் பழைய டேங்கில் படிந்திருக்கும் பிசினையும் துருவையும் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். இதெல்லாம் தொல்லைதான். ஆனால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான்.

எரிந்துபோகும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, ரப்பரில். பழைய கார்களில் இருக்கும் நைட்ரைல் வகை ரப்பர்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தனிப் பெட்ரோலில் வீங்குவதைவிடவும், தனி எத்தனாலில் வீங்குவதைவிடவும், இரண்டும் கலந்ததில் அதிகம் வீங்கும். ரப்பருக்கு நெகிழ்வு தரச் சேர்த்த பொருட்களும் அப்போது கரைந்து வெளியே போய்விடும். பிறகு கார் மாதக்கணக்கில் நின்று, குழாய் காய்ந்தால், முன்பு இருந்ததைவிடச் சுருங்கி விறைத்துப்போகும், விரிசல் விடும். கிளிப் இறுக்கமாக இருந்த இடம் தளரும். வசந்த காலத்தில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் அங்கிருந்து சொட்டும்.

எங்கே சொட்டும் என்பதுதான் கேள்வி. எம்ஜிபியில் எஸ்யு கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கம், கார்புரேட்டர் மேலே, சூடான இரும்பு கீழே, நடுவில் ஒரு தகடு. லோட்டஸ் எலானில் இன்னும் மோசம். இரட்டை கேம் எஞ்சினில் வெபர் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழேதான் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கிறது. தீப்பொறியைப் பங்கு போடும் கருவியின் தலையில் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உடலோ ஃபைபர் கிளாஸ். பற்றிக்கொண்டால் மிஞ்சுவது எஃகு முதுகெலும்புச் சட்டம்தான். எலானுக்கு இந்தக் கெட்ட பெயர் எத்தனாலுக்கு முன்பே உண்டு. எத்தனால் குழாயின் ஆயுளைக் குறைத்து அந்த ஆபத்தைப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

தீர்வோ, மற்ற செலவுகளோடு ஒப்பிட்டால் அற்பமானது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த, ஃப்ளோரோ ரப்பர் உள்பூச்சு கொண்ட குழாய் வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒவ்வொரு துண்டையும் மாற்ற வேண்டும். எஸ்யு கார்புரேட்டரின் ஜெட் குழாய் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தையும் விடக்கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெயின்ட் அடித்த காரில் எந்த வருஷம் போட்டது என்றே தெரியாத குழாய் ஓடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மிச்சப் புகார்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இ10இல் கலவை சுமார் நான்கு சதவீதம் மெலியும். ஆக்ஸிஜன் சென்சார் இல்லாத காருக்கு அதைச் சரிசெய்யத் தெரியாது. எஸ்யுவில் ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கினாலோ, நீடில் மாற்றினாலோ போதும். மைலேஜ் மூன்று சதவீதம் குறையும். வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டுபவர் அதற்குக் கண்ணீர் விட வேண்டாம். வெயில் நாளில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதிப்பது நிஜமான தொல்லை. எத்தனால் சேர்ந்தால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகிறது.

கடைகளில் விற்கும் சேர்ப்பு பாட்டில்கள் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு சிலவற்றைச் சோதித்து அங்கீகரித்தது. அது உலோக அரிப்புக்கான சோதனை. ரப்பர் வீங்குவதை எந்த பாட்டிலும் தடுக்காது. லேபிளைப் படிக்கும் பலர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அரசுத் தரப்பு என்ன சொன்னது? சாலையில் ஓடும் பெட்ரோல் கார்களில் 95 சதவீதம் பொருந்தும், மீதிக்காரர்கள் சூப்பர் கிரேடில் இ5 போட்டுக்கொள்ளலாம், ஒரு தடவை தவறிப் போட்டாலும் பரவாயில்லை. மூன்றும் உண்மை. ஆனால் போக்குவரத்துத் துறை கேட்டு 2010இல் கினெட்டிக் நிறுவனம் தந்த அறிக்கை, கார்புரேட்டர் வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் பொருந்தும் என்று சொன்னாலொழிய இ10 வேண்டாம் என்றது. எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டுவிட்டது. யாரைப் போய்க் கேட்பது? எந்தக் குழாயை எந்தத் தரத்தில் மாற்றுவது என்று சொல்லும் வேலை கடைசியில் சங்கங்களின் தலையில் விழுந்தது. தவிர, இ5 போட்டால் குழாயைத் தொட வேண்டாம் என்ற எண்ணத்தையும் இந்தத் தைரியம் வளர்த்துவிட்டது. ஐந்து சதவீதத்திலும் பழைய ரப்பர் வீங்கத்தான் செய்யும், கொஞ்சம் நிதானமாக.

நம் ஊருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டு காரின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது, இன்னும் சில ஓடுகின்றன. இங்கே கலப்பு இருபது சதவீதம். 2030க்கு வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025இல் எட்டியாயிற்று. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் பங்கில் வைக்கச் சொல்லிப் போட்ட பொதுநல மனுவை அந்த வருஷம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஹெரால்டின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்புக்குள் ஒரு டயஃப்ராம் இருக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டலாம், எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கலாம். ரிப்பேர் கிட் வாங்கும்போது ரப்பர் என்ன வகை என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் அந்தக் காலத்து ஒரிஜினல் சார்" என்று பதில் வந்தால், அந்த கிட்டை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.