தெருவும் வீட்டின் ஓர் அறையே

உங்கள் வீட்டின் பரப்பு எவ்வளவு என்று யாரேனும் கேட்டால், சுவருக்குச் சுவர் அளந்து இத்தனை சதுர அடி என்பீர்கள். ஆத்தூருக்கு அருகிலுள்ள சின்னாளப்பட்டி போன்ற கைத்தறி ஊர்களில் இந்தக் கணக்கு சரிப்படாது.

சேலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். ஒரே பாவில் பல சேலைகள் நெய்வதால், அப்பாவு எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. எனவே பருத்திப் பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, உலர்த்துவார்கள். ஒரு குடும்பத்தின் கைகள் இதற்குப் போதா. இன்று என் பாவுக்கு நீங்கள் வந்தால், நாளை உங்கள் பாவுக்கு நான் வரவேண்டும். ஊர்ச் செய்தி, கடன் பேச்சு, கல்யாணப் பேச்சு, சண்டை எல்லாம் அந்த நீண்ட நூலின் இரு பக்கமும் நடந்தன.

விடியற்காலை ஏன்? பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறும். உலர்ந்தால் எளிதில் அறும். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்க. அதே காற்று, நீராவி கூடாமல் குறையாமல், 35 பாகைக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 45 சதவீதமாக இறங்கிவிடும். குழித்தறியை மண் தரையில் அமைத்ததும் இந்த ஈரத்துக்காகவே.

இனி நம் திட்டங்களைப் பாருங்கள். தமிழக அரசு 2011இல் அறிவித்த சூரிய சக்தி பசுமை வீடு 300 சதுர அடி, ஒன்றுக்கு ரூ. 1,80,000. குடிசையில் ஒழுகலோடு வாழ்ந்தவர்க்கு அது பெரும் பேறு. சூரிய விளக்கும் நல்ல யோசனை. அதில் எனக்குக் குறையில்லை. குறை, தட்டையான கான்கிரீட் கூரையில் இருக்கிறது. ஓட்டின் இடுக்குகள் சூட்டை வெளியே விடும். கான்கிரீட்டோ பகலில் உண்ட வெப்பத்தை முன்னிரவு வரை கீழே வீசும். அதன் கீழ் மனிதர் மட்டுமல்ல, நூலும் துன்புறும். அதைவிடப் பெரிய குறை, அளவு நாடா வாசற்படியில் நின்றுவிட்டது. அந்த வீட்டில் தறிக்கு இடம் கிடைத்தாலும், பாவுக்கு இடம் எங்கே?

பாவுத் தெரு மறைந்த பழி முழுவதையும் வீட்டின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. விசைத்தறி வந்தது, ஆலையிலேயே கஞ்சியிட்ட பாவும் வந்தது. ஆனால் வேலை போன பிறகு தெருவை நாம் என்ன செய்தோம்? வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

இதன் விளைவை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோல் அமைந்த மூன்று தெருக்களை டொனால்ட் ஆப்பிள்யார்டு ஆராய்ந்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். நாளொன்றுக்கு 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள்; 16,000 ஓடிய தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை!

இவ்வளவும் எழுதும் நான் யோக்கியனா? ஆத்தூரில் வீடு கட்டியபோது, திண்ணைக்கென விட்ட இடத்தை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரரின் பெயரை அறிய எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. அதுவும் அவருக்கு வந்த தபால் ஒன்று தவறி என் வீட்டில் விழுந்ததால்.